பாவம் என்று எழுதியவர்களுக்கு

அன்புள்ள வாசகர்களுக்கு,

சென்ற இதழில் டோனி மாரிசனின் முதல் நாவலான 'தி ப்ளூயஸ்ட் ஐ' பற்றி ஐந்து பக்கத்துக்கு ஓர் அறிமுகக் கட்டுரை வெளியிட்டிருந்தோம். 1970இல் வந்த அமெரிக்க நாவல் ஒன்றுக்கு இத்தனை கடிதம் வரும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. தொடர்கதையில் கதாநாயகியின் பெயர் தவறுதலாக மாறிப்போனால்தான் வழக்கமாகத் தபால் பை இப்படிக் கனக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பாராட்டியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, சந்தாவை நிறுத்தப் போவதாக மிரட்டியவர் ஒருவரும் உண்டு. பாராட்டியவர், திட்டியவர் இரு தரப்பிலும் பாதிப் பேருக்குமேல் தவறாமல் எழுதியிருந்த ஒரு சொல் 'பாவம்'. பாவம் அந்தக் குழந்தை. பாவம் அந்தப் பெண். ஐயோ பாவம்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் லொரெய்ன் என்று ஓர் எஃகு ஆலை ஊர். மாரிசன் பிறந்த ஊரும் அதுதான். ஆண்டு 1941. பிகோலா என்ற பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கண் நீலமாகிவிட்டால் அப்பாவும் அம்மாவும் தன் எதிரில் சண்டை போட மாட்டார்கள், பள்ளியில் ஆசிரியர் தன்னைப் பார்ப்பார், கடைக்காரர் காசை வாங்கும்போது தன் விரலைத் தொடக் கூசமாட்டார் என்று நம்புகிறாள். குடிகாரத் தந்தை அவளைச் சீரழிக்கிறான். அவள் கருவுறுகிறாள். குழந்தை தங்கவில்லை. கடைசியில் தனக்கு நீலக் கண் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடு ஊர் ஓரத்துக் குப்பை மேடுகளில் திரிகிறாள். இதை நமக்குச் சொல்பவள் அவளுடைய தோழி கிளாடியா. அவளுக்கு ஒன்பது வயது.

மாரிசன் தன் பள்ளித் தோழி ஒருத்தியை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதினார். அந்தச் சிறுமி ஒருநாள் தனக்கு நீலக் கண் வேண்டும் என்றாள். அந்தக் கறுத்த முகத்தில் நீலக் கண்ணைப் பொருத்திப் பார்த்த மாரிசனுக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்பும் கோபமும்தான் வந்தன. அந்தக் கோபம் பல ஆண்டுகள் அவருக்குள் கிடந்தது. புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 39. கணவரைப் பிரிந்து, இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு, ஒரு பெரிய பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

முதலில் தலைப்புச் சண்டை. நாங்கள் கட்டுரைக்கு 'நீலக் கண்கள்' என்று பெயர் வைத்திருந்தோம். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வாசகி ஒருவர் பிடித்துக்கொண்டார். "ப்ளூ என்று அவர் எழுதவில்லை, ப்ளூயஸ்ட் என்று எழுதியிருக்கிறார். இருப்பதிலேயே நீலமானது. அந்தக் கடைசி எழுத்துகளில்தான் நாவலே இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டீர்களே!" அவர் சொல்வது முழுக்கச் சரி. மனம் பேதலித்த பிகோலா, இல்லாத ஒரு தோழியோடு பேசும் பகுதி ஒன்று கடைசியில் வருகிறது. நீலக் கண் கிடைத்த பிறகும் அவளுக்கு நிம்மதி இல்லை. வேறு யாருக்காவது இதைவிட நீலமாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் அவளைத் தின்கிறது. இரண்டு கண்ணையும் சொல்லாமல் 'ஐ' என்று ஒன்றைச் சொன்னதில், ஆங்கிலக் காதுக்கு 'நான்' என்பதும் கேட்கும். தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீலக் கண்கள் என்றது என் சோம்பேறித்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

நாவலின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். நியாயம்தான். அந்நாளைய அமெரிக்கக் குழந்தைகளின் முதல் வாசிப்புப் பாடமான 'டிக் அண்ட் ஜேன்' பாணியில், அழகான வீடு, சிரிக்கும் அம்மா, விளையாடும் நாய் என்று ஒரு பத்தி வரும். அதே பத்தி மறுபடி வரும், இந்த முறை நிறுத்தக்குறி எதுவும் இருக்காது. மூன்றாம் முறை சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட இல்லாமல் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். "அச்சுப் பிழை என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன்" என்கிறார் ஒருவர். ஆனால் சுவடி படிக்கப் பயிற்சி எடுத்துவரும் இளைஞர் ஒருவர் வேறு மாதிரி எழுதுகிறார். "எனக்கு அந்த மூன்றாம் பத்தி பழகிய இடம் மாதிரி இருந்தது. நம் ஓலைச் சுவடியிலும் புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது. பாட்டு முன்னமே தெரிந்தவனுக்குத்தான் சொல் பிரியும். தெரியாதவனுக்கு அது வெறும் எழுத்துக் குவியல். அந்த வீடும் அந்த அம்மாவும் முன்னமே கிடைத்த பிள்ளைக்குத்தான் அந்தப் பாடம் புரியும் என்கிறாரோ மாரிசன்?" இந்த நாவலைப் பற்றி நான் படித்த விமர்சனம் எதிலும் இப்படி ஒரு வாசிப்பைப் பார்த்ததில்லை. தம்பி, நீங்கள் எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதித்தர வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் கடிதம் நான்கு பக்கம். "பெற்ற மகளையே... எழுதக் கூசுகிறது. வீட்டில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இதெல்லாம் தேவைதானா?" ஐயா, இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் இந்த நாவலை எடுத்துவிடச் சொல்லி இன்றும் மனு போகிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 2022க்கு வெளியிட்ட, அதிகம் எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் இதற்கு மூன்றாம் இடம். அப்போது புத்தகத்துக்கு வயது 52. எழுதியவருக்கு நோபல் பரிசு கிடைத்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொரு வயதுப் பிள்ளை கையில் இதை நானும் கொடுக்க மாட்டேன். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. பிகோலாவின் வயதில் ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கிறது என்றால், அது வீட்டில் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தானே?

இன்னொரு வாசகியின் கோபம் வேறு வகை. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "அந்த அப்பன் சோலி பிறந்த நாலாம் நாளே குப்பையில் வீசப்பட்டவன், வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியும் டார்ச்சுமாக வந்து அவனை அவமானப்படுத்தினார்கள் என்று பக்கம் பக்கமாக அவன் கதையைச் சொல்கிறாரே, அவனுக்கு வக்காலத்தா? அந்தப் பெண்ணுக்கு எங்கே ஒரு அத்தியாயம்?"

நானும் முதல்முறை படித்தபோது இதே இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். மூன்று முறை படித்தாகிவிட்டது. சோலியின் கதை வக்காலத்து இல்லை என்பது இப்போது எனக்குத் தெளிவு. அவன் எப்படி அப்படி ஆனான் என்று சொல்வதால் அவன் செய்தது ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் குத்துகிறது. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, நீலக் கண் தருவதாகச் சொல்லும் மோசடிச் சாமியார் சோப்ஹெட் சர்ச்சுக்குக்கூட (அவன் கடவுளுக்கு எழுதும் கடிதம் எனக்கு மிகையாகத்தான் படுகிறது) தனித்தனியே இடம் இருக்கிறது. பிகோலா வாய் திறந்து நீளப் பேசுவது பைத்தியம் பிடித்த பிறகுதான். மாரிசனே 1993இல் எழுதிய பின்னுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். இத்தனை மெல்லிய ஒரு குழந்தையின் தலையில் கதை முழுவதையும் ஏற்றினால் வாசகர்கள் அவள்மேல் இரக்கப்பட்டு நிம்மதியாகிவிடுவார்கள், தங்களைக் கேள்வி கேட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் கவலை. அதனால்தான் கதையைத் துண்டு துண்டாக உடைத்து, சேர்க்கும் வேலையை நம்மிடம் விட்டார். அந்த உத்தி தனக்கே நிறைவாக அமையவில்லை என்றும், பல வாசகர்கள் மனம் கசிந்ததோடு நின்றுவிட்டார்கள் என்றும் வெளிப்படையாக எழுதினார்.

'பாவம்' என்று எழுதிய உங்கள் எல்லோரையும் நான் இதனால்தான் இங்கே இழுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒருத்தியைப் பார்த்து இரக்கப்பட்டாலும் பாவம்தான், ஒருத்திக்குச் செய்யக்கூடாததைச் செய்தாலும் பாவம்தான். கடிதங்களில் முதல் பாவம் நிறைய இருந்தது. இரண்டாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அது இருந்த கடிதங்களைத்தான் நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஒரு தாயின் கடிதம். நாவலில் பிகோலாவின் அம்மா பாலின் வருகிற பகுதியை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் படித்தாராம். தெற்கிலிருந்து பிழைப்புக்காக வந்து, தோழமை இல்லாமல், கால் சற்று தாங்கி நடப்பவள் பாலின். அவளுக்கு ஒரே ஆறுதல் சினிமாக் கொட்டகை. வயிற்றில் பிள்ளையோடு, நடிகை ஜீன் ஹார்லோ மாதிரி தலையை வாரிக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறாள். மிட்டாயைக் கடிக்கும்போது முன்பல் ஒன்று பெயர்ந்து வந்துவிடுகிறது. அழகு என்றால் என்ன என்று அவள் படித்த பள்ளிக்கூடம் அந்தக் கொட்டகைதான். பிகோலா வயிற்றில் இருக்கும்போது, நீ எப்படி இருந்தாலும் உன்மேல் பிரியமாக இருப்பேன் என்று குழந்தையோடு பேசிக்கொண்டே இருக்கிறாள். பிறந்ததும் பார்க்கிறாள். தலைநிறைய அழகான முடி, ஆனால் குழந்தை அவலட்சணம் என்று அவள் கண் சொல்லிவிடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! அந்தப் பழமொழி பொய்த்துப்போன வீடு அது. பிறகு அதே பாலின், வேலை செய்யும் வெள்ளைக்கார வீட்டில் சுடச்சுடப் பலகாரத்தைத் தவறிக் கொட்டிவிட்ட மகளை அடித்து விரட்டிவிட்டு, அழுகிற முதலாளி வீட்டுக் குழந்தையை அணைத்துத் தேற்றுகிறாள்.

அந்த வாசகி எழுதுகிறார்: "ஏழாம் மாசத்திலிருந்து மாமியார் தினம் ராத்திரி பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுப்பார். நானும் ஆசையாகத்தான் குடித்தேன். பிள்ளை பிறந்ததும் நான் முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று இல்லை. 'கலர் எப்படி சிஸ்டர்?' என்று கேட்டேன். அவளுக்கு இப்போது இருபத்தி நாலு வயசு. இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்கள் பத்திரிகை வீட்டுக்கு வருகிறது, அவளும் படிப்பாள்." பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் விட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுவது மரியாதை. எங்கள் அத்தை என்னைப் பற்றி அறிமுகமானவர்களிடம் பெருமையாகத்தான் சொல்வார்: "கறுப்பா இருந்தாலும் பொண்ணு களையா இருப்பா." அந்த 'இருந்தாலும்' என் காதில் விழுந்தபோது எனக்கு வயது எட்டோ ஒன்பதோ. புடவைக் கடையில் பச்சையைத் தொட்டால், "உங்க கலருக்கு இது எடுக்காதும்மா" என்று மடித்து வைத்துவிடுவார்கள். வெளுப்பைச் 'சிவப்பு' என்று சொல்லும் ஊர் நம்முடையது. நடுவில் நிற்பவர்களுக்கு 'மாநிறம்' என்று ஒரு வாசல் வைத்திருக்கிறோம். லொரெய்னிலும் அப்படித்தான். அங்கே வெளிறிய தோல்காரியான மொரீன் என்ற பணக்காரச் சிறுமியும் கறுப்பினம்தான். பிகோலாவைப் பார்த்து முகம் சுளிப்பதில் அவளும் குறைவைக்கவில்லை.

தனியாக எடுத்து வைத்த இரண்டாவது கடிதம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. அவளுக்குப் பிகோலாவைவிடக் கிளாடியாவைத்தான் பிடித்ததாம். கிறிஸ்துமஸுக்கு நீலக் கண் பொம்மை பரிசாக வரும்போது கிளாடியா அதைக் கொஞ்சவில்லை. இதில் அப்படி என்ன அழகு ஒளிந்திருக்கிறது என்று பார்க்கக் கையைக் காலைப் பிய்க்கிறாள். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் படம் போட்ட கோப்பையில் குடிக்க வேண்டும் என்பதற்காகவே பிகோலா பாலைக் குடித்துக் குடித்துத் தீர்க்கும்போது, கிளாடியாவுக்கு ஷெர்லி டெம்பிளைக் கண்டாலே ஆகாது. "நானும் என் பொம்மையை ஒருதடவை பிய்த்தேன் மேடம், ஆனால் உள்ளே பஞ்சுதான் இருந்தது" என்று முடித்திருக்கிறாள். பெண்ணே, கதை நடக்கும் அதே காலத்தில், உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னை மாதிரி இருப்பது எது என்று கடைசியாகக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் குறிப்பிடப்பட்டது. கிளாடியாவும் வளர்ந்த பிறகு ஷெர்லி டெம்பிளை நேசிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பதை நீ கவனித்தாயா? அதை ஒரு முன்னேற்றமாக அவள் சொல்லவில்லை.

மூன்றாவது கடிதம் ஒரு பியூட்டி பார்லர் நடத்துபவருடையது. நோட்டுத் தாளில், பென்சிலில்.

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாக்கள் பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. எத்தனை சிட்டிங்ல கலர் வரும்னுதான் முதல் கேள்வி. ப்ளீச் போட்டா எரியுதுன்னு பொண்ணு சொல்லும். கொஞ்சம் பொறுத்துக்கோடின்னு அம்மா சொல்வாங்க. நானும் சொல்லுவேன். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமா மேடையில நிக்கும். எல்லாரும் பாவம் பாவம்னு சொல்ற அந்தப் புள்ளைக்கு நீலக் கண்ணு தர்றேன்னு ஒருத்தன் ஏமாத்துறானே, அதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. காசு வாங்கிட்டு நீலக் கண்ணு குடுக்கிற ஆள் நான்தானே மேடம்? ஆனா நான் கடையை மூடினா என் ரெண்டு பிள்ளைங்களுக்கு யார் ஃபீஸ் கட்டுறது?"

அவருக்கு நான் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல ஒன்றுதான்: மாரிசன் எதிர்பார்த்த வாசகி இவர்தான். வெளிவந்த காலத்தில் பிகோலாவைப் போலவே தன் புத்தகமும் ஒதுக்கப்பட்டது, தவறாகப் படிக்கப்பட்டது என்று அவர் வருந்தி எழுதினார். பின்னால் நோபல் வந்தது, 2000இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தகக் குழுவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தார், நாவல் லட்சக்கணக்கானவர்களிடம் போனது. பென்சிலில் எழுதப்பட்ட இந்த ஒரு பக்கத்தை மாரிசன் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 2019இல் அவர் காலமாகிவிட்டார்.

கடைசிக் கடிதம் அஞ்சல் அட்டை. மூன்றே வரி. "கட்டுரை அருமை. இதழைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தேன். ஏழே நாளில் பொலிவு என்று ஒரு க்ரீம் விளம்பரம். ஆசிரியர் எந்தப் பக்கம்?"

இரண்டு நாள் அந்த அட்டை என் மேஜையிலேயே கிடந்தது. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் பல க்ரீம்களின் பேச்சில் 'சிவப்பழகு' போய்ப் 'பொலிவு' வந்துவிட்டது. எங்கள் பின்னட்டையில் வருவது வேறு ஒரு க்ரீம். ஆனால் அதில் இருக்கும் பெண்ணின் முகம் இடமிருந்து வலமாக மூன்று படங்களில் வெளுத்துக்கொண்டே போகிறது. அச்சுக்கூலியில் பெரும்பகுதியை அந்தப் பக்கம்தான் கட்டுகிறது. நம் சிறுகதைகளையும் பழைய இதழ்களில் புரட்டினேன். கதாநாயகி வாசலுக்கு வந்தாலே 'எலுமிச்சை நிறத்தில்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. நான் திருத்தி அச்சுக்கு அனுப்பிய கதைகள்தாம் அவை.

நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். விளம்பர ஒப்பந்தம் வருகிற மார்ச் இதழோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை அது பின்னட்டையில் வரும். மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஏப்ரல் இதழில் அந்த இடம் காலியாக இருந்தால், உங்களில் யாருக்காவது ஊறுகாயோ, புத்தகமோ, சைக்கிளோ விற்க வேண்டியிருந்தால், அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்